என் தலைத்திவசச் சோறு

எந்த ஊருக்குப் போனாலும் என் தகரப்பெட்டியின் அடியில் ஒரு படம் கூடவே வரும். சொல்தா உடுப்பில் நான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவனைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணாடியில் என் நெற்றிக்கு நேராகக் காய்ந்துபோன சந்தனப் பொட்டு ஒன்று இருக்கிறது. வைத்தவர் என் சித்தப்பா. நான் அதைத் துடைத்ததில்லை.

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஓர் இடத்தில் இருக்கப் பிடிக்காது. அப்பா போனபின் கோவில்பத்து வயலைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். இந்தோசீனாவில் எங்கள் காவல்சாவடி விழுந்தபோது பிடிபட்டேன். காட்டுக்குள் மூங்கில் கொட்டகை, உப்புச்சோறு, காய்ச்சல். காலையில் எழுந்திருக்காதவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைப்போம். அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எப்போதாவது கடிதம் எழுதக் காகிதம் கொடுப்பார்கள். தமிழ் படிக்க அவர்களிடம் ஆளில்லாததால் நாலு வரிக்கு மேல் விடமாட்டார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. திருமலைராயன்பட்டினத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்த என் சிநேகிதனுக்கு எழுதினேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அவன்.

கடிதம் கிடைத்ததும் அவன் சித்தப்பாவிடம் ஓடியிருக்கிறான். நான் காணாமல்போன சேதி அதற்கு முன்பே வந்திருந்தது. சித்தப்பா அதைச் சாவாக்கிவிட்டார். தர்ப்பையில் என்னைப்போல் பொம்மை செய்து சுடுகாட்டில் கொளுத்தி, கருமாதியும் முடித்து, அம்மாவிடம் கைநாட்டு வாங்கி வயலைத் தன் பேருக்கு மாற்றியிருந்தார். கடிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். “செத்தவன் கடுதாசி போடமாட்டான் தம்பி. இது எப்பவோ போட்டது. அண்ணிகிட்ட காட்டி அழவைக்காதீங்க.”

சிநேகிதனின் பதில் பல மாதம் கழித்து என் கைக்கு வந்தது. ‘மாப்ளே, உனக்குக் கருமாதி முடிஞ்சுது. வடை நல்லா இருந்துச்சாம். வயல் இப்ப சித்தப்பா பேர்ல. அம்மாவைச் சந்தையில பார்த்து உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். வரட்டும்னு மட்டும் சொன்னாங்க.’

மருந்தில்லாத அந்தக் கொட்டகையில் எனக்கு அந்தக் கடிதம்தான் மருந்து. சித்தப்பா முகத்தை நினைத்தால் எந்தக் கிழங்கும் தொண்டையில் இறங்கும். பக்கத்தில் படுத்தவர்கள் சாமியைக் கும்பிட்டார்கள். நான் அவரை நினைத்துக்கொண்டேன்.

சண்டை ஓய்ந்ததும் எங்களை விட்டுவிட்டார்கள். ஊர் வந்தபோது என் தலைத்திவசத்துக்குச் சில நாள் இருந்தது. முதலில் அம்மாவைப் போய்ப் பார் என்று சிநேகிதன் மன்றாடினான். நான் கயிற்றுக்கடை மாடியிலேயே கிடந்தேன். அம்மாவுக்குச் சேதி மட்டும் போயிற்று.

திவசத்தன்று, பூமாலை போட்ட என் படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தது. சித்தப்பா கொல்லையில் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் இலையில் உட்கார்ந்தேன். ஐயர் எழுந்துவிட்டார். சொந்தக்காரர்கள் சுவரோடு ஒண்டினார்கள். அம்மா சோற்றுப் பானையோடு வந்து எனக்குப் பரிமாறினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வயலிலிருந்து வந்தவனைக் கேட்பதுபோல, “குழம்பு ஊத்தவா?” என்றாள்.

சித்தப்பா உள்ளே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“செத்தவன் கடுதாசி போடமாட்டான்னு சொன்னீங்களாமே சித்தப்பா. திவசத்துக்கு வருவான்ல?”

இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

ஊரே பார்த்ததால் வயல் அம்மாவிடம் திரும்பியது. எனக்கு அது போதவில்லை. பொம்மை கொளுத்தப்பட்டவன் திரும்பி வந்தால், பிறந்த பிள்ளைபோல மறுபடி பெயர்வைத்துச் சடங்கு செய்துதான் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை அவன் எந்தக் காரியமும் செய்யலாகாது. சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க என்னைவிட்டால் ஆளில்லை. கயிற்றுக்கடை வாசலில் வந்து நின்றார். “சடங்கைப் பண்ணிக்கடா. எனக்கு வேற யாரு இருக்கா?”

நான் பண்ணிக்கொள்ளவில்லை. படத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். அடுத்த வருஷம் அம்மா போனபோது மாமா மகன்தான் கொள்ளி வைத்தான். நான் தள்ளி நின்று பார்த்தேன். அதையும் சித்தப்பா கணக்கில்தான் எழுதினேன்.

விசாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது சிநேகிதன் கடிதம் வந்தது. சித்தப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, என் பேரையே சொல்கிறார், போதும் மாப்ளே வந்துவிடு என்று எழுதியிருந்தான். இங்கே எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். நான் ஒரே வரி எழுதினேன். ‘செத்தவன் கொள்ளி வைக்கமாட்டான்.’

அதற்குப்பின் அவனிடமிருந்து கடிதம் இல்லை.

இன்று பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தேன். சந்தனப் பொட்டு ஓரத்தில் உதிர ஆரம்பித்திருக்கிறது. முழுக்க உதிர்ந்தால் நானே ஒன்று வைத்துக்கொள்வேன்.