மல்லனை எவன் மாத்துவான்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பூ வாங்கப் போனவன், ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டேன். என் சண்டை இல்லை. ஆனால் ஒதுங்கிப் போகிற புத்தி எனக்கு என்றைக்கு இருந்தது... உங்களுக்குத் தெரியாததா?

புத்தம் புது டிராக்டர். மாலை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவி மட்டும் ஷோரூம் மேனேஜர் கையில். தர மாட்டேன் என்கிறார்!

எதிரே இடுப்பில் கை வைத்து நின்றவர் தனம். கீழ்பென்னாத்தூர் பக்கம் வாடகைக்கு உழவு ஓட்டுபவர். என் அரை ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லைக்கும் அவர்தான். பல வருஷமாக 'மல்லன்' டிராக்டர் ஓட்டியதில் அவர் பெயரே மல்லன் தனம் ஆகிவிட்டது. வெறும் தனம் என்று விசாரித்தால், அவர் தெருவிலேயே வீட்டைக் காட்ட ஆளில்லை.

இதற்கு நடுவில் மல்லன் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. அதே தொழிற்சாலை, அதே இன்ஜின், அதே சிவப்பு பெயிண்ட். முகப்பில் மட்டும் 'டிரைவோரா' என்று வாயில் நுழையாத ஒரு பெயர்.

தனம் என்ன செய்தார் தெரியுமா? பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் விடும் முன் அதன் 'மல்லன்' தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டார். பூஜைக்குப் புது வண்டி வந்து நின்றதும், டிரைவோராவை மறைத்து அதைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டார். சந்தனப் பொட்டோடு!

"மேடம், சாவி குடுக்குற போட்டோ ஹெட் ஆபீஸுக்குப் போவணும். கழட்டுங்க. இல்லன்னா வாரண்டி கெடையாது."

"போட்டோவுக்கு உங்க பேரு இருக்கட்டும் சார். வேலைக்கு மல்லன்தான் போவும்."

"அந்தத் தகடும் எங்களுதுதான். பழைய வண்டியோட சேத்துக் குடுத்திருக்கணும்."

"வண்டியக் குடுத்துட்டேன். பேரக் குடுக்கலயே!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் நாள்தான் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும். நாலு ஊரில் இவருக்காகக் காத்திருக்கிறார்கள். இன்றைக்கு வண்டி இறங்காவிட்டால் அத்தனை பேரும் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆனாலும் தனத்தின் குரல் இறங்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? "பேரை மாத்திட்டா இவங்களைத் தேடி யாருங்க வருவாங்க?" என்றேன்.

"கம்பெனி ரூல் சார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த ரூல்? ஏசி ரூமில் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி கைமாறும், சரி. பெயருமா மாறும்? லாரி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை முதலாளி மாறினாலும் அவர்கள் வாயில் பழைய பெயர்தான். ஸ்பேர்ஸ் கடைக்காரரும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் சாமானை எடுக்கிறார். விவரமான முதலாளி கம்பெனியை வாங்குவதே அந்தப் பெயருக்காகத்தான். விவரம் போதாதவர், வாங்கிய கையோடு அதைச் சுரண்டி எடுக்கிறார்!

அப்போது தனத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மல்லன் தனம் அக்காவா? ஈரம் காயுதுக்கா... எப்ப வர்றீங்க?"

தனம் போனை மேனேஜர் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். பிறகு மாலையை இழுத்து, தகடு தெரியாதபடி மூடினார். போட்டோ எடுத்தார். சாவியைக் கொடுத்தார், வாரண்டி கார்டையும் சேர்த்துத்தான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தி இறங்கி, மாலையை மேலே தள்ளிவிட்டார் தனம்.

நேற்று அந்த ஷோரூம் பக்கம் போனேன். வாசலில் வரிசையாகப் புது வண்டிகள். முகப்பில் பெரிதாக டிரைவோரா. அதன் கீழே, சின்ன எழுத்தில்... மல்லன்!

"எல்லா ஊர்லயும் இதே ரகளையாம் சார்," என்று சிரித்தார் மேனேஜர்.

பெரிய எழுத்தை ஹெட் ஆபீஸே வைத்துக்கொள்ளட்டும். கீழ்பென்னாத்தூரில் நாங்கள் படிப்பது சின்ன எழுத்தைத்தான்!