தங்கை பேரனின் சேனை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக வைக்கிற சேனையை இன்று நான் குடித்துவிட்டேன்.

மில்லர்புரத்தில் என் தங்கை மகளுக்கு ஆண்பிள்ளை.

"முதல்ல தாய்ப்பால்தான் கொடுக்கணும்னு நர்ஸம்மா சொன்னாவ, பெரியம்மா. அத்தை சேனை வைக்காம பிள்ளையைத் தரமாட்டேங்காவ" என்று என் காதில் அழுதாள்.

அவள் மாமியார் சங்கை என்னிடம் நீட்டினார். "மதினி, நீங்களே வையுங்க. உங்க குணம் பிள்ளைக்கு வரட்டும்."

"வாயாடியா வளந்தா என்னைய ஏசக்கூடாது" என்றேன்.

அவர் சிரித்தபடி வெற்றிலை எடுக்கத் திரும்பினார். சங்கை என் வாயில் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளையைத் தாயின் மாரில் போட்டேன். சமர்த்தாகக் குடித்தான். அவள் அழுகையும் நின்றது.

சேனையில் சீனியோடு விளக்கெண்ணெயும் கலந்திருந்தார்களாம்.

ஊர் திரும்பும் பஸ்ஸை உடைமரக் காட்டருகே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன்.