கோவிந்தப்பாவின் கண்ணும் ஜெயநகர் மாடிப் படகும்

இதை எழுதுகிறவன் கோவிந்தப்பாவை முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். தன் வம்சத்திலேயே முதலாவதாக வந்த பி.எஸ்சி. பட்டத்துக்குப் பெங்களூர் ஈஜிபுராவில் அவர் தச்சுக் கடையில் சட்டம் போட்டு வாங்கி, வாடகை அறையில் மாட்டினான். பட்டம் சாய்ந்து தெரிந்தது. சண்டைக்குப் போனான். கோவிந்தப்பா அறைக்கு வந்து இடது கண்ணை மூடி ஒரு பார்வை பார்த்தார்.

"சட்டம் நேரு. உன் ரூம் செவுருதான் கோணல். போய் ஓனர்கிட்ட சண்ட போடு, பிஎஸ்சி."

நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தபோது சுவர் மூலை ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. மூன்று வருடம் படித்த இயற்பியலும் தச்சர் பக்கமே பேசியது.

அந்தக் கண்தான் அவர் சொத்து. ஆஸ்டின் டவுன் வரை அவரைக் கதவு மாட்டக் கூப்பிட்டவர்கள் அதை நம்பித்தான் கூப்பிட்டார்கள். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை அவர் தொடுவதே இல்லை. "அது கண்ணு இல்லாதவனுக்கு" என்பார்.

2001-ல் அந்தக் கண்ணுக்குச் சோதனை சேஷகிரி உருவில் வந்தது. ஹெப்பகோடிப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். ஆறு மாதம் அமெரிக்கா போன இடத்தில் யாரோ கயாக் ஓட்டுவதைப் பார்த்துவிட்டார். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. திரும்பி வந்து இன்டர்நெட்டிலிருந்து நாற்பது பக்கம் அச்செடுத்துக் கோவிந்தப்பாவிடம் நீட்டினார். பெங்களூருக்குக் கடல் கிடையாது என்பதை 'ரிஸ்க்' என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டு மேற்கொண்டு போனார்.

வேலை ஜெயநகரில் அவர் வீட்டு மொட்டை மாடியில். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு தாங்கிகள். எட்டுக் கால்களும் முப்பது அங்குலம், நூல் பிசகவில்லை. ஒவ்வொரு காலையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார் சேஷகிரி.

"இது ஃப்ரீஸ் ஆயாச்சு. யாரும் நகர்த்தப்படாது."

மெல்லிய பிளைவுட்டில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பசை போட வேண்டும். பசை போடும்வரை படகு துணி மாதிரி வளையும். காய்ந்துவிட்டால் இருக்கிற முறுக்கு ஆயுசுக்கும் இருக்கும். தைத்து முடித்த கோவிந்தப்பா படகின் குறுக்கே முன்னால் ஒரு மரச்சட்டம், பின்னால் ஒரு மரச்சட்டம் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முன் சட்டம் இடது பக்கம் சாய்ந்தது. பின் சட்டம் வலது பக்கம். படகு பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. கம்பியைப் பிரித்துத் தைத்தார். மறுபடியும் பிரித்துத் தைத்தார். மூன்று ஞாயிறு போனது; முறுக்கு போகவில்லை.

சனிக்கிழமைதோறும் சேஷகிரி மீட்டிங் போட்டார். கலந்துகொண்டவர்கள்: சேஷகிரி, கோவிந்தப்பா. நாலாவது மீட்டிங்கின் குறிப்பில் அச்சாகி வந்தது: 'மூல காரணம்: தச்சரின் கண்பார்வை.'

"தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்க வயசுல காட்டராக்ட் சகஜம். நாளைக்கு இல்லே, அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஒட்டறோம். அதுக்குள்ள நேராகலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

செய்தி கோவிந்தப்பாவுக்கு முன்னால் ஈஜிபுரா வந்து சேர்ந்தது. "கண்ணு போச்சாமேண்ணா?" என்றான் டீக்கடை சீனு. வாசல் கதவுக்குச் சொல்லியிருந்த பிரிஜெட் அம்மா, "சொல்ப நாள் போகட்டும்ப்பா" என்று வேலையைத் தள்ளிப்போட்டார். கோவிந்தப்பா யாருக்கும் தெரியாமல் கண் டாக்டரிடம் போனார். பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போதும், தூரப் பார்வை பையன் பார்வை என்றார் டாக்டர். அதில்தான் அவருக்குத் தூக்கமே போனது. கண் சரியென்றால் படகு ஏன் கோணல்?

கெடு வைத்த ஞாயிறு காலை மழை. படகின் மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டுப் படிக்கட்டு வாசலில் ஒதுங்கினார். மாடித் தண்ணீர் நடுவில் பிரிந்து, முன்பாதி இடது மூலைக் குழாய்க்கும் பின்பாதி வலது மூலைக் குழாய்க்கும் ஓடியது. முன் தாங்கி இந்தச் சரிவில். பின் தாங்கி அந்தச் சரிவில். முதலில் வந்தது சந்தோஷமில்லை, வெட்கம். ஒரு ரசமட்டம் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.

"மாடி கோணலா? எங்கப்பா கட்டின வீடு. பி.டபிள்யு.டி.ல முப்பது வருஷ சர்வீஸ்!" குடையோடு வந்த சேஷகிரி விஷயத்தைக் கேட்டுக் கொதித்தார்.

"கோணல்னு யார் சார் சொன்னது? தண்ணி ஓடட்டும்னு பெரியவரு வாட்டம் வெச்சு கட்டிக்கீறாரு. அதுமேல எட்டுக் காலையும் ஒரே அளவுல நிக்க வெச்சது நாமதான்."

காப்பி கொண்டுவந்த சேஷகிரியின் மனைவி அலர்மேல்மங்கை டம்ளரை நீட்டினாள். "ரெண்டு மூலைக்கும் தண்ணி போறது கல்யாணமான வருஷத்துலேர்ந்து நேக்குத் தெரியும். அடைச்சுண்டா குச்சி விட்டுக் குத்தறது நான்தானே. எந்த மீட்டிங்குக்கும் என்னைக் கூப்பிடலையே."

சாக்பீஸ் வட்டங்களை மழை அழித்திருந்தது. ஆகவே மாற்றத்துக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எதிர்வீட்டு வேலையில் இருந்த மேஸ்திரியிடம் கோவிந்தப்பா ரசமட்டம் இரவல் வாங்கி, தாங்கிக் கால்களுக்கு அடியில் மரச்சில்லு கொடுத்தார். கம்பிகளைத் தளர்த்தியதும் படகு தானாக நிமிர்ந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது முன் சட்டத்துக்குப் பின்னால் பின் சட்டம் முழுதாக மறைந்தது.

மதியம் வெயில் வந்தது. பசை கலக்கும் நேரத்தில் கோவிந்தப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேப்பர்ல என் கண்ண எழுதினீங்களே, அத அடிச்சிடுங்க சார்."

"ரிலீஸ் பண்ணின டாக்குமென்ட்ல கை வைக்கறது பிராசஸ் இல்லே கோவிந்தப்பா."

"அப்ப பசையும் இல்ல சார்."

அலர்மேல்மங்கை பேனா கொண்டுவந்து கொடுத்தாள். சேஷகிரி அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் புதுக் குறிப்பு வந்தது: 'மூல காரணம்: மழைநீர் வடிகால். தீர்வு: மேனேஜரின் நேரடித் தலையீடு.'

படகு நாலு வருடமாகச் சேஷகிரியின் கம்பெனி வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. இன்றுவரை நனையவில்லை. கோவிந்தப்பாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஈஜிபுராவில் அதே கடை. பிரிஜெட் அம்மா வீட்டுக் கதவும் அவர் மாட்டியதுதான். வரி அடித்த அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். கருவிப் பையின் அடியில், துணியில் சுற்றி, ஒரு ரசமட்டம் இருக்கிறது.