மேனேஜர் வராமல் வேலை நடக்காது

"நான் ஏறி நின்னா லிஃப்ட்தான் பயப்படணும். பயம்னா அது என்ன கலர்னுகூட எனக்குத் தெரியாது!"

லிஃப்ட் மெக்கானிக் இதைத் தம் கல்யாணத்தன்றே மாமனாரிடம் அறிவித்தார். பெண்ணைக் கொடுத்து முடித்துவிட்ட மாமனாருக்கு நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்த வீரத்தால் அவருடைய தொழிலில் ஒரு சின்ன மாறுதல் ஏற்பட்டது. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் கால் வைக்கும் முன், அங்கே இருக்கும் சிவப்புப் பொத்தானைக் குனிந்து அமுக்கிவிட வேண்டும். அமுக்கினால் பெட்டி நகராது. அமுக்காவிட்டால், ஏதோ ஒரு மாடியில் யாரோ பட்டனைத் தட்டியதும், மெக்கானிக்கையும் சுமந்துகொண்டு பெட்டி கிளம்பிவிடும். இதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளின் பழக்கம் என்பது நம்மவர் துணிபு. முதலில் ஏறி நின்று, பிறகு ஆற அமரக் குனிவார்.

ஒரு துணிக்கடையில் அவர் குனிவதற்குள் பெட்டி கிளம்பிவிட்டது. லிஃப்ட் ஓடும் இருட்டுக் கூண்டின் உச்சியில் இருந்த இரும்பு உத்தரம் அவரைப் பார்த்து இறங்கி வந்தது. கத்த வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. கவிழ்ந்து படுத்துக்கொண்டார். முதுகுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் மிச்சமிருந்தபோது பெட்டி நின்றது. கீழே, பெட்டிக்குள், யாரோ புடவைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆகவே அவர் நலமாக இருப்பதாக எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். முழங்கால்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு கூண்டுக் கதவைத் திறந்தாலே இரண்டும் தனித்தனியாக ராஜினாமா செய்தன. உள்ளங்கை வேர்த்து ஸ்பானர் நழுவியது. கம்பிவடம் லேசாக முனகினாலும் கருவிப் பையை மூடிவிடுவார். "சாமான் மாத்தணும், நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். மறுநாளும் அதையேதான் சொல்வார்.

"இனி ஒரு வேலையைப் பாதியில விட்டீங்கன்னா, வீட்டுலயே இருந்துக்குங்க" என்றார் கம்பெனி முதலாளி, மிகுந்த மரியாதையோடு. அந்த மரியாதைதான் மிரட்டலாக இருந்தது.

வீட்டில் ஒரு பெரிய பெட்டை நாய் உண்டு. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அது காலில் சாய்ந்து படுத்தால் அவருக்கு மூச்சு சீராக வந்தது. இதை அவர் ரகசியமாக வைத்திருந்தார், மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"பேசாம இவளையும் வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"நாயையா? ஊரே சிரிக்கும்."

"வேலை போனா ஊர் வந்து அழப்போகுதா? துணைக்கு ஒரு ஜீவன் இருந்தா நல்லதுன்னு உங்களைப் பாத்த டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல. இல்ல, நான் வந்து கூண்டு வாசல்ல உக்காரட்டுமா?"

"வேணாம்மா, அது வேற தனி பயம்."

அடுத்த அழைப்பு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் அசையாமல் நின்றிருந்தது. சங்கச் செயலாளர் கேட்டிலேயே மறித்தார்.

"ஏம்ப்பா, நாய்க்கு இங்க அனுமதி கிடையாது. போர்டு பாக்கல?"

"பாத்தேன் சார். போன தடவை நான்தான் மாட்டினேன்."

"அப்ப வெளியில கட்டிட்டு வா."

கட்டிவிட்டுத் தனியாகப் படியேறினார். கதவைத் திறந்ததும் கூண்டிலிருந்து எண்ணெய் வாடையோடு குளிர்காற்று முகத்தில் அடித்தது. கண்ணுக்குள் அந்தத் துணிக்கடை உத்தரம் மறுபடி இறங்கி வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். 'நாளைக்கு வரேன்' என்பது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இன்றோடு வேலை போய்விடும்.

"சார், மேனேஜர் கூட இருந்தாத்தான் வேலை ஓடும்" என்று நாயைக் காட்டினார்.

செயலாளர் முகம் கடுகடுத்தது. "அதெல்லாம் கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்."

"கமிட்டி எங்க சார் கூடும்?"

"என் வீட்டுல. உச்சி மாடியில."

சொன்னவர் படிக்கட்டைப் பார்த்தார்; பிறகு வீங்கிய தம் வலது முட்டியைப் பார்த்தார். கமிட்டி அங்கேயே கூடிக் கலைந்தது. "இன்னிக்கு மட்டும்" என்றார்.

மேனேஜர் யாரையும் சட்டை செய்யாமல் படியேறி, திறந்த கதவின் முன்னால் முன்னங்கால்மேல் தாடையை வைத்துப் படுத்தது. மூச்சிரைக்கப் பின்னால் வந்த செயலாளரிடம் மெக்கானிக் கயிற்றைக் கொடுத்தார். அவர் அதைச் சுடுபாத்திரம் போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய நாய் எதுக்குப்பா? திருட்டு பயமா?"

"இல்ல சார். லிஃப்ட் பயம்."

"யாருக்கு? நாய்க்கா?"

மெக்கானிக் வாசலில் மண்டியிட்டார். ஒரு கையை நாயின் கழுத்தில் வைத்துக்கொண்டு, மறு கையை இருட்டுக்குள் நீட்டி, சிவப்புப் பொத்தானைத் தேடி அமுக்கினார். சரியாக அமுங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு சார்" என்றார் மெதுவாக. அப்புறம்தான் கால் வைத்தார்.