அண்ணியின் டயர்த் தோட்டத்தைப் பற்றி நான் பேசிய ஏழு நிமிடம்

பழைய குளியல் துண்டு ஒன்றை சிமென்ட் கரைசலில் முக்கி எடுத்து, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் விரித்துவிட வேண்டும். இரண்டு நாளில் அது மடிப்பு மடிப்பாக இறுகி, பாவாடை விரித்தாற்போன்ற ஒரு பூந்தொட்டியாகும். அதில் உடனே செடி வைக்கக் கூடாது. புது சிமென்ட்டின் காரம் வேரைப் பொசுக்கிவிடும். பத்து நாளாவது தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். பிறகு அடியில் துளை, துளையின் மேல் ஓட்டாஞ்சில்லு, அதற்கு மேல் தேங்காய் நார், செம்மண், மக்கிய சாணம். இவ்வளவும் எனக்குத் தெரியும். அண்ணி இவற்றைச் செய்தபோது பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, பட்டிமன்றத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஒரு குவளைத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை.

கரிக்கலாம்பாக்கத்தில், நெல் விளைந்த நிலத்தைக் கூறுபோட்டு விற்ற மனைகளில் ஒன்றில் எங்கள் வீடு. அண்ணி குருவிநத்தத்து விவசாயியின் மகள். பத்தாம் வகுப்போடு நின்றவர். என் அண்ணனை மணந்து வந்தபோது வாசலில் செங்கல் தூளும் ஜல்லியும்தான் கிடந்தன. எட்டே மாதத்தில் அந்த இடத்தைப் பூவாக்கினார். செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. தன் அப்பா வீட்டில் தேய்ந்து கிடந்த டயர்களைக் கொண்டுவரச் சொல்லி, விளிம்பை இதழ் இதழாக அறுத்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, பக்கத்து மனைகளில் கட்டட வேலை முடிந்து மிஞ்சிய பெயின்ட்டை அடித்தார். உள்ளே துலுக்கச் சாமந்தியும் டேபிள் ரோஸும். காலி பெயின்ட் டப்பாக்களில் மிளகாயும் கத்தரியும். வேலியில் கொட்டாங்குச்சிகள் தொங்கின.

நான் அதைக் குப்பை என்றே அழைத்தேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியவள், அடுக்கி வைக்க அலமாரி கேட்டவள். என் அலமாரியைப் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று டயரைப் பார்த்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரிய சாலையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் உரிமையாளரின் மனைவி ஒருநாள் வண்டியை நிறுத்தி எங்கள் வாசலைப் பார்த்தார். மண்டபத்தின் முகப்பு முழுவதையும் அண்ணியிடமே ஒப்படைக்கலாம் என்றும், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு நடக்கும் குடியிருப்போர் சங்க விழாவுக்குத் தான் தலைமை விருந்தினராக வருவதால் அன்றே முடிவைச் சொல்வதாகவும் கூறிப் போனார். அண்ணி இதை என்னிடம் மட்டுமே சொன்னார்.

"இது கெடச்சா நானும் இந்த வூட்டுல ஒரு ஆளு பாப்பா. பூ வாங்கறதுக்குக்கூட உங்க அண்ணங்கிட்ட கைய நீட்ட வேணாம். மேடையில நீ பேசச்சொல்லோ தொட்டியப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா சொல்றியா?"

"சொல்றேன் அண்ணி" என்றேன்.

விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு: வீட்டுக்கு அழகு தருவது கட்டடமா, தோட்டமா? எனக்குக் கிடைத்தது கட்டட அணி. கிடைத்த அணிக்குப் பேசுவது பேச்சாளரின் கடமை, அதில் குற்றமில்லை. பட்டிமன்ற மேடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டம் சிரிக்காவிட்டால் பேச்சாளர் தன் வீட்டை எடுத்து வைப்பார். மனைவி சமையல், மாமியார் குறட்டை, மைத்துனன் சோம்பல் எதுவானாலும் செல்லும். வீட்டில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

அன்று காலைதான் அண்ணியின் அப்பா தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்திருந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, அரிசி, வெல்லம். மகளைப் பற்றி மேடையில் பேசப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர் திரும்பாமல் மூன்றாம் வரிசையில் அண்ணியின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மேடையின் இருபுறமும் அண்ணியின் தொட்டிகள். முன்வரிசையில் மண்டபத்தம்மா.

என் முதல் இரண்டு நிமிடத்துக்குக் கூட்டம் அசையவில்லை. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நான் வீட்டை எடுத்தேன்.

"நடுவர் அவர்களே! எங்க வூட்டுக்கு வந்த விருந்தாளி வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, பின் சக்கரத்துக்குக் காத்து அடிங்கன்னாரு. பஞ்சர் கடைன்னு நெனச்சுட்டாரு!"

சிரிப்பு எழுந்தது. அண்ணியும் சிரித்தார்.

"எங்க அண்ணன் குளிச்சுட்டு துண்டு கேட்டா, அது தொட்டியாகி ஒரு மாசம் ஆச்சுங்கறாங்க அண்ணி!"

சிரிப்பு பெருகியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். கூட்டம் கையில் வந்துவிட்டதைத் தொண்டையே அறியும்; அதன்பிறகு நிறுத்துவதற்கு வேறொரு பயிற்சி வேண்டும், அது எனக்கு இல்லை. வலக்கையை நீட்டி மூன்றாம் வரிசையைக் காட்டினேன்.

"பொறந்த வூட்டுலேர்ந்து இன்னா சீர் கொண்டாந்தீங்கன்னு கேளுங்க. ஆறு டயரு! அதுலயும் ஒண்ணுலகூட பட்டன் இல்ல, எல்லாம் தேஞ்ச மொட்ட!"

பந்தல் அதிர்ந்தது. மண்டபத்தம்மா திரும்பி, என் கை காட்டிய இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அண்ணியின் அப்பா எல்லோரும் சிரித்து முடித்தபின் சற்றுத் தாமதமாகச் சிரித்தார். அண்ணி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் தோட்டத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார். என் அணி தோற்றது. சிறந்த பேச்சாளர் பரிசு எனக்கு. மண்டபத்தம்மாவின் கையால்தான் வாங்கினேன். கீழே இறங்கிய அவர் அண்ணியிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

"தப்பா நெனக்காதம்மா. கண்ணாலத்துக்கு வர்றவங்க டயரப் பாத்தா இனிமே சிரிப்பாங்க. பிளாஸ்டிக் பூவே போட்டுக்கறோம்."

அண்ணியின் அப்பா சாப்பிடாமல் பஸ் ஏறினார். வீட்டில் அண்ணியிடம், அது மேடை மரபு, யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விளக்கினேன். நல்ல வாதம், மூன்று காரணங்கள் அடுக்கினேன். அண்ணி பரிசுக் கேடயத்தைத் துடைத்து என் அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயர் வந்தது. கூரியர்காரரிடம் தெருவில் வழி சொன்னார்கள்: "டயரு சீர் வூடா? நேராப் போ." அந்தப் பெயரோடு அண்ணி இரண்டு புது வீடுகளில் தோட்டம் போடும் வேலை கேட்டுப் பார்த்தார். இரண்டிலும் சிரித்து அனுப்பினார்கள்.

அப்போதுதான் நான் மண்டபத்துக்குப் போனேன். அந்தத் தொட்டிகளின் உழைப்பை, சிக்கனத்தை, அழகை வரிசைப்படுத்திப் பேசினேன். எந்த மேடையிலும் நான் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை. மண்டபத்தம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"நல்லா பேசற பாப்பா. ஆனா அன்னிக்குப் பேசுனதுதான் இதவிட ஜோரு. தெறப்பு விழாவுக்கு நீயே மைக் புடிச்சுடேன். அந்த டயரு கதைய மட்டும் விட்டுடாத."

மறுத்துவிட்டு வந்தேன். வந்ததும் அதை அண்ணியிடம் சொன்னேன். மறுத்ததற்காவது ஒரு நல்ல சொல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலில் டயர்களிலிருந்து மண்ணை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார். சிமென்ட் போட ஆள் வரச் சொல்லியிருந்தார் அண்ணன். சாமந்திகள் வேரோடு வெயிலில் கிடந்தன.

"ஏன் வேணாம்ன? போயிப் பேசு பாப்பா" என்றார், நிமிராமல். "இந்த வூட்டுல ஒருத்தருக்காவது அந்த மண்டபத்துல வேல கெடைக்கட்டும்."