காப்புறுதித் தகடு

போன மாதம் பள்ளிவாசல் வைத்திய நிதியிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். மாதச் சந்தா கட்டினால் ஓர் அட்டை, அட்டையைக் காட்டினால் வைத்தியம் என்று விளக்கிவிட்டு, "இதுதான், மூத்தம்மா, காப்புறுதி" என்றாள் ஒருத்தி. என் கண் தானாக மணிக்கட்டுக்குப் போனது. கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டாள். வைப்பேன். மெதுவாக வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் காப்புறுதி என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். மருதமுனையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். உலை வைக்கும்போது ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட வேண்டும். சேர்ந்த அரிசியை விற்று, நோயாளிகளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சந்தியில் ஒரு கார் நிறுத்துவார்கள். அரிசி போடும் வீட்டுக்கு இலக்கம் குத்திய தகரத் தகடு ஒன்று. அதைக் கொடுத்தால் கார் வரும். ஒரு போகத்துக்கு ஒரு தடவைதான். மறு அறுவடை வரை தகடு சாரதியிடமே இருக்கும்.

வாப்பா இதை வீட்டில் சொல்லும்போது, "பிடியரிசி போடுற வீட்டுக்கெல்லாம் காப்புறுதி" என்றார். எங்கள் பக்கத்தில் வளையலுக்குக் காப்பு என்றுதான் பெயர். கண்ணாடிக் காப்பை வாரத்துக்கொன்றாக உடைத்து உம்மாவிடம் அடி வாங்குகிறவள் நான். உறுதியான காப்பு என்றால் விடுவேனா? அன்றிலிருந்து பிடியரிசி அள்ளுவது என் வேலையாயிற்று. என் பிடி சிறியதென்று இரண்டு கையாலும் அள்ளினேன்.

மாதங்கள் போயின. தகடு ஆணியில் தொங்கியது, காப்பு வரவில்லை. ஒரு நாள் காலை வெளியூர்க் காப்பு வியாபாரி எங்கள் ஒழுங்கையில் பெட்டியைத் திறந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப்போய்த் தகட்டைக் கழற்றி வந்து நீட்டினேன்.

"காப்புறுதித் தகடு. இதுக்குக் காப்புத் தாங்க."

அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மகள், உங்கட வீட்டில எல்லாருக்கும் சுகமா?"

"ஓம், சுகம்."

உம்மாவுக்கு எட்டு மாதம் என்பதைச் சொல்லவில்லை. அது நோயில்லையே. நான்கு சிவப்புக் காப்பை என் கையில் ஏற்றுவதற்குள் அவர் இரண்டை உடைத்துவிட்டார். தகட்டை மடியில் செருகிக்கொண்டு பெட்டியை மூடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லுமுன், உம்மா தறிக்குப் பக்கத்தில் விழுந்தார். பாய் முழுக்க இரத்தம். வாப்பா ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும்தான் இருந்தது. சந்திக்கு ஓடிச் சாரதியைக் காரோடு கூட்டிவந்தார். அந்த மனிதர் இறங்காமலே வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

"உங்கட வீட்டுத் தகடு புதன்கிழமையே என்ட கைக்கு வந்திட்டே காக்கா! காய்ச்சல்காரப் புள்ளயொண்ட ஏத்திக்கொண்டு போனேனே!"

"எங்கட வீட்டில ஆருக்குக் காய்ச்சல்?" என்றார் வாப்பா.

நான் கையைப் பின்னால் மறைத்தேன். காப்புகள் கிணுங்கின. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையைப் போல ஒன்றை இந்த வயது வரை நான் திரும்பக் கண்டதில்லை.

பக்கத்து வளவிலிருந்து மாமி வந்தார். வாப்பாவின் தங்கை, வேலிச் சண்டையில் இரண்டு வருடமாக எங்களோடு பேச்சில்லை. ஈளை நோய்க்காரி, மூச்சிரைத்தால் அவருக்கே கார் வேண்டும். தன் வீட்டுத் தகட்டைக் காருக்குள் எறிந்தார்.

"ஏத்துங்க! வேலிக்குச் சண்டை புடிக்கக்குள்ள நாக்கு நீளமா இருந்திச்சே காக்கா, இப்ப என்ன மரம் மாதிரி நிக்காய்? தூக்கு அவவ!"

உம்மா பதினொரு நாள் கழித்துத் தம்பியோடு வந்தார். அந்தப் பதினொரு நாளும் என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிறகொரு நாள் அந்தக் காப்பு வியாபாரி வந்தார். பெட்டி இல்லை, என் வயதில் மெலிந்த ஒரு பெண்பிள்ளையைக் கையில் பிடித்திருந்தார். வாப்பா தறிக்கட்டையோடு எழுந்தார். அவர் விலகவில்லை.

"தெரிஞ்சிதான் எடுத்தன். எங்கட ஊரில காருமில்ல, தகடுமில்ல. இவ என்ட மகள், நெருப்பாக் கொதிச்சிக் கிடந்தா. இந்த வீட்டில புள்ளத்தாச்சி இருக்கிறது மட்டும் சத்தியமாத் தெரியா."

வாப்பாவின் கை இறங்கவில்லை. உள்ளேயிருந்து உம்மா, "அந்தப் புள்ளய இஞ்ச வரச் சொல்லுங்க" என்றார். வந்தவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாப்பாவிடம், "இவவுக்கும் ஒரு தகடு கேட்டுப் பாருங்க. அரிசி நம்மட பானையில போடுவம்" என்றார். வாப்பா கட்டையைப் போட்டுவிட்டு வெளியே போனார். இரவு வரை வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு உலைக்கும் நான் இரண்டு பிடி அள்ள வேண்டியதாயிற்று. எனக்கு வந்த ஆத்திரம்! எங்கள் தகட்டைக் கொண்டுபோனவளுக்கு எங்கள் அரிசியா? எங்கள் பிடியை இறுக்கி அள்ளினேன். அவளுடைய பிடியை மட்டும் விரல்களைத் தளர்த்தி அள்ளினேன். பாதி அரிசி சுளகிலேயே உதிர்ந்தது. தம்பிக்குப் பால் கொடுத்தபடி உம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எழுந்ததும் அவர் வந்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிப் பானைக்குள் போடுவார். இரண்டு பிடியும் போட்டாயிற்று என்பது உம்மாவுக்கு மறந்துபோகிறது என்று அன்று நினைத்தேன்.