சாவியே வேண்டாத காரின் சாவி

ஒரு காருக்கு நான் பூட்டாக இருந்திருக்கிறேன். முழுதாக இரண்டு மணி நேரம், வெலிமடை வீதியோரத்தில், ஹாலிஎலைக்குச் சற்று மேலே.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் சமாதானம் நிலவட்டும் என்றுதான் இந்தப் பத்தியில் இதுவரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தத் திங்கட்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு... சமாதானமாவது மண்ணாங்கட்டியாவது!

என் வீட்டுக்காரரை உங்களில் பலருக்கு இந்தப் பத்தி வழியாகத் தெரியும். பதுளை பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக ஒரு பழைய வேனை ஓட்டியவர். அந்த வேனின் கதவைத் தேக்கரண்டிக் காம்பாலும் திறக்கலாம். பல நாள் அப்படித்தான் திறந்தோம். ஒருவரும் அதைத் திருடவில்லை. திருடியிருந்தால் நன்றி சொல்லியிருப்போம்.

இந்த வருடம் அதைக் கொடுத்துவிட்டு ஒரு ஜப்பான் கார் எடுத்தார். ரீகண்டிஷன், அதாவது அங்கே ஓடிய பழசு. ஒரே ஒரு சாவிதான் கூட வந்தது. அதையும் பாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்.

"இனிமே சாவிங்கிற பேச்சே கெடையாது மல்லிகா" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை.

முதல் வாரம் வசதி. இரண்டாம் வாரம் யூடியூப்! ஏதோ ஒரு வெளிநாட்டில் இரண்டு திருடர்கள். ஒருவன் வீட்டு வாசலில் ஒரு பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவன் கார் பக்கத்தில் நிற்கிறான். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை அந்தப் பையிலிருக்கும் கருவி பிடித்துக் காருக்கு அனுப்புகிறது. சாவி பக்கத்தில் வந்துவிட்டது என்று நம்பிக் கார் கதவைத் திறந்துகொடுக்கிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் கத்தவில்லை... கார் போயே போய்விட்டது.

உண்மையான ஆபத்துதான். நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சந்தில் முன்பின் தெரியாத ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றால், ஐந்து நிமிடத்துக்குள் நாலு வீட்டிலிருந்து "யாரத் தேடுறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். சொன்னால் கேட்கிற ஆளா இவர்?

சிக்னல் தகரத்தைத் தாண்டாதாம். எனவே சாவி ஒரு பால்மா டின்னுக்குள் குடிபோனது. டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. மனிதருக்கு என்ன சந்தோஷம்! மறுநாள் மழையில், காருக்குள் விட்டுவந்த மரக்கறிப் பையை எடுக்க நான் ஓடினேன். எனக்கும் திறக்கவில்லை.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

இவருடைய அக்கா ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவருடைய மகள் கோகிலாவுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திருந்தது. பதுளையில், காலை ஒன்பது மணிக்கு. 'பிந்தி வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வயதெல்லைப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் அவளும் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

"நான் ஆறரை பஸ்ஸுல போயிர்றேன் மாமா" என்றாள் அவள்.

"தாய்மாமன் கார் வாங்கி வச்சிருக்கேன்... நீ பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போவியா? நாலு பேரு சிரிக்க மாட்டானா?"

நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே! விடிந்ததும் பதுளையிலிருந்து புறப்பட்டுத் தோட்டத்துக்குப் போனோம். முதலில் மாரியம்மன் கோயில். கோகிலாவின் சேர்ட்டிபிகேட் ஃபைல் அர்ச்சனைத் தட்டில் ஏறியது. புது வண்டியாயிற்றே, சாவியும் டின்னை விட்டு வெளியே வந்து தட்டில் ஏறியது. பூசாரி அதன் மேல் பூவைப் போட்டார்.

அர்ச்சனை முடிந்து தட்டோடு கார் அருகே வந்தார். ஜன்னலுக்குள் தட்டை நீட்டி, ஸ்டியரிங்கில் பொட்டு வைத்தார். "ஸ்டார்ட் பண்ணுங்கய்யா!" என்றார். எஞ்சின் ஓடியது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசாரி ஃபைலை எடுத்துக் கோகிலாவிடம் கொடுத்தார். தட்டை உள்ளே கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தார். நாங்கள் புறப்பட்டோம்.

அந்தக் கோயிலில் எத்தனையோ லொறிக்கும் வேனுக்கும் பூசை நடந்திருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது என்றால் சாவி வண்டியில்தான் இருக்க வேண்டும். பூசாரியின் கணக்கில் என்ன பிழை? எங்கள் கணக்கும் அதுதான்.

கார் மட்டும் சொல்லிப் பார்த்தது. பீப்... பீப்... பீப். கண்ணாடிக்கடியில் ஜப்பான் எழுத்தில் ஏதோ மின்னியது.

"என்னங்க அது?"

"சீட் பெல்ட்டப் போடச் சொல்லுது. போடு."

போட்டேன். பீப் சத்தமும் சற்று நேரத்தில் அடங்கியது. இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எட்டு மணி தாண்டியிருந்தது. வீதியோரத் தேநீர்க் கடை வாசலில் பியதாசவின் லொறி நின்றது. வெலிமடையிலிருந்து பதுளைச் சந்தைக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றிப்போகிறவர். எங்கள் கடைக்கும் போடுவார். அவரைக் கண்டதும் இவர் காரை ஓரங்கட்டினார்.

"ஏங்க, நேரமாகுது..."

"ஒரே நிமிஷம்."

பியதாச காரைச் சுற்றிப் பார்த்தார். "மொதலாளி, சாவி போடுற ஓட்டையே இல்லையே?"

அந்த ஒரு கேள்விக்காகத்தானே இந்தக் காரே வாங்கினது! "சாவியே வேணாம் பியதாச. இங்க பாரு." பட்டனை அழுத்தினார். எஞ்சின் நின்றது. "இப்பப் பாரு." மறுபடி அழுத்தினார்.

பீப்.

இன்னொரு தடவை அழுத்தினார். பீப். சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், டின்னைத் திறந்து கவிழ்த்தார்.

"மாமா... தட்டுல பூவுக்கடியில" என்றாள் கோகிலா மெதுவாக. தட்டு ஜன்னலுக்குள் இருந்தபோது ஸ்டார்ட் ஆன கார், சாவி கோயிலுக்குள் போன பிறகும் பீப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது; நிறுத்தினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

அவள் மாமாவைத் திட்டவில்லை, அழவும் இல்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காரைப் பள்ளத்தில் தள்ளியிருப்பேன். அதைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. ஆறரை பஸ் அந்நேரம் பதுளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவளை அதில் போகவிடாமல் தடுத்தது இந்தக் கார் மட்டுமா? பெருமைக்காக முன்னால் ஏறி உட்கார்ந்த நானும்தானே?

பியதாச மிச்சத் தேநீரைக் கீழே ஊற்றினார். "நங்கி, ஏறு ஏறு!" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

அந்த லொறியின் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சாவி சிவப்பு நூலில் கட்டி, போட்ட இடத்திலேயே தொங்கியது. அதை அவர் கழற்றுவதே இல்லை. திருட்டுப் போகாதா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "என்னத் தவிர யாருக்கும் அது ஸ்டார்ட் ஆகாது" என்றார். கோகிலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு உறுமல், ஒரு புகை... போய்விட்டார்கள்.

இவர் ஒரு த்ரீவீலரைப் பிடித்துக் கோயிலுக்கு ஓடினார். சாவி இல்லாமல் காரை வெளியிலிருந்து பூட்டத் தெரியவில்லை. உள்ளேயிருந்து பூட்டலாம், பூட்டினால் நானும் உள்ளே! உலகத்துத் திருடர்களிடமிருந்தெல்லாம் பால்மா டின் போட்டுக் காப்பாற்றிய காரை, கடைசியில் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் காத்தேன். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் என்னைப் பார்த்தது.

கோயிலில் என்ன நடந்தது என்று பிறகு கேட்டேன். பூசாரி காலைப் பூசையை முடித்து, கோயிலைப் பூட்டிவிட்டு, மலைக்கு வேலைக்குப் போயிருந்தார். சாவியே வேண்டாத காரின் சாவி, கையளவு இரும்புப் பூட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பூட்டின் சாவி பூசாரியின் இடுப்பில். என் வீட்டுக்காரர் தோல் சப்பாத்தோடு தேயிலைக்குள் ஏறினார். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்ததாகக் கேள்வி.

பத்து மணிக்குக் கோகிலாவிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, ஒம்பதுக்கு மூணு நிமிஷம் இருக்கயில கேட்டுக்குள்ள போயிட்டேன். சேலையெல்லாம் லீக்ஸ் வாசம்... நல்லாத்தான் பதில் சொன்னேன். மாமாவ ஏசாதீங்க அத்தை."

வீதியோரத்தில் உட்கார்ந்து அழுதேன். பூட்டு அழுவதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அவள் தெரிவாகிவிட்டாள். இந்தத் திங்கட்கிழமை பயிற்சிக்குப் போக வேண்டும். இவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "கார்ல வாறியாம்மா?"

"வாறேன் மாமா. ஆனா சாவி என் கையில இருக்கும்."

பியதாசவின் லொறியில் பார்த்த மாதிரியே சிவப்பு நூலில் கட்டி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். இவரும் பாடம் படித்தவராயிற்றே, வழியில் எந்தத் தேநீர்க் கடையிலும் நிற்கவில்லை, எஞ்சினை நிறுத்தவும் இல்லை. அரை மணி நேரம் முன்கூட்டியே பதுளைக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் ஓடுகிற எஞ்சினோடு அவளை இறக்கிவிட்டோம். அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை நகர்த்தினார்.

பீப்... பீப்... பீப்.

"சீட் பெல்ட்டப் போடு மல்லிகா" என்றார்.

நான் போட்டுத்தான் இருந்தேன்.